கடை வாடகையை விலைவாசியோடு கட்டுவதென்றால் எந்த எண்ணை எடுப்பது? (சேலம்)

குகை ஜெராக்ஸ்
13 நவம்பர் 2025, காலை 9.10

எல்லாருக்கும் வணக்கம். குகையில ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை வெச்சிருக்கேன். வாடகை 40,000. அக்ரிமென்ட் மார்ச்சோட முடியுது. இதுவரைக்கும் வருஷம் 5% ஏத்தறதுன்னு பேச்சு. இப்ப அஞ்சு வருஷத்துக்குப் புதுசாப் போடலாம்னு ஓனர் சொல்றாரு. பெங்களூர்ல வேலை பார்க்கிற அவரோட பையன், "எதுக்கு கண்ண மூடிக்கிட்டு 5%? விலைவாசி எவ்வளவு ஏறுதோ அவ்வளவு ஏத்திக்குவோம், ரெண்டு பக்கமும் நியாயம்"னாரு. நானும் சரின்னுட்டேன்.

நேத்து சாயந்திரம் நியூஸ்ல அக்டோபர் பணவீக்கம் 0.25%னு சொல்றான். இந்தக் கணக்கு ஆரம்பிச்சதுல இருந்தே இதுதான் கம்மியாம். 40,000-க்குப் போட்டுப் பார்த்தா நூறு ரூபா. ஓனர்கிட்ட சொன்னேன். "நூறு ரூபாய்க்கு உங்க கடையிலயே எத்தன ஜெராக்ஸ் வரும்?"னு கேட்டாரு.

கூகுள் பண்ணா நுகர்வோர் குறியீடு, தொழிலாளர் குறியீடு, மொத்த விலைக் குறியீடு, ஜிடிபி டிஃப்ளேட்டர்னு வரிசையா வருது. இதுல எதை எழுதறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


லீபஜார் மூட்டை
13 நவம்பர் 2025, காலை 9.42

0.25 எந்த ஊர்லங்க? லீ பஜாருக்கு வாங்க, தேங்காய் எண்ணெய் டின்னைக் காட்டறேன். லிட்டர் நானூறைத் தாண்டிப் போன சரக்கு. இதை வாங்கிட்டுப் போற பொம்பளைங்ககிட்ட 0.25னு சொல்லிட்டு முழுசா வீடு திரும்ப முடியுமா?


ஓய்வு கணக்கன்
13 நவம்பர் 2025, காலை 11.05

புள்ளியியல் துறைப் பக்கம் விலை சேகரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மூட்டை அண்ணன் சொல்வதும் உண்மை, 0.25-உம் உண்மை. அதே அக்டோபர் அறிக்கையில் எண்ணெய், கொழுப்பு வகை 11%-க்கு மேல் ஏறியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் கொட்டிச் சமைக்கும் கேரளத்தில் மொத்தப் பணவீக்கமே 8%-க்கு மேல். மறுபக்கம் காய்கறி 27%-க்கு மேல் இறங்கியிருக்கிறது, பருப்பு 16% இறங்கியிருக்கிறது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றது போக மிஞ்சியதுதான் 0.25. அண்ணன் கடையில் துவரம் பருப்பு போன தீபாவளிக்கு என்ன விலை, இந்தத் தீபாவளிக்கு என்ன விலை என்று அவரே சொல்லட்டும்.

இன்னொன்று. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பாதிப்பேர் எடுத்துக்கொள்கிறார்கள். ஏற்காடு பஸ் இருபதாவது கொண்டை ஊசி வளைவில் ஊர்ந்து போனால், நாம் அடிவாரத்துக்கு வந்துவிட்டோம் என்றா அர்த்தம்? 2012-ஐ 100 என்று வைத்துக்கொண்டு போடும் நுகர்வோர் குறியீடு (இந்த 0.25 அதிலிருந்து வந்ததுதான்) இன்று 197-ஐ ஒட்டி நிற்கிறது. அன்று நூறு ரூபாய்க்கு வாங்கிய கூடைக்கு இன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுக்கிறோம். அந்த உயரத்திலிருந்து யாரும் இறங்கவில்லை. போன அக்டோபரோடு ஒப்பிட்டால் இந்த அக்டோபரில் அதிகம் ஏறவில்லை, அவ்வளவுதான்.

போன அக்டோபர் எப்படிப்பட்ட மாதம் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் பணவீக்கம் 6.21%, காய்கறி உச்சத்தில் இருந்தது. ஒப்பிடும் மாதம் மேட்டில் இருந்தால் இந்த மாதம் பள்ளமாகத்தான் தெரியும். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டி ஓடியது நினைவிருக்கும். அந்த மாதம் 7.44%. அடுத்த ஜூலையில் சுமார் 3.5%. யாரும் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. தக்காளி பழைய நிலைக்கு வந்தது, கணக்கும் வந்தது.

ஆகவே குகைக்காரரே, ஒரு மாதத்து எண்ணை வைத்து வாடகை பேசாதீர்கள். இந்த அக்டோபரில் உங்களுக்குச் சிரிப்பு, போன அக்டோபராக இருந்தால் ஓனருக்குச் சிரிப்பு.


லீபஜார் மூட்டை
13 நவம்பர் 2025, காலை 11.20

துவரம் பருப்பு இறங்குனது வாஸ்தவம்தான். அதை யாரும் வந்து பாராட்டறதில்லையே சார்.


அம்மாபேட்டை விஜி
13 நவம்பர் 2025, மதியம் 2.15

சார், ஒரு சந்தேகம். எங்க வீட்டுல மாசம் 32,000 செலவு. அதுல சாப்பாடு, மளிகை, பால் எல்லாம் சேர்த்து 10,000. வாடகை 9,000. ரெண்டு பசங்க ஸ்கூல் பீஸை மாசத்துக்குப் பிரிச்சா 6,500. மிச்சம் பஸ், போன், கரண்ட், மருந்து, மொய். அரிசி பாதி ரேஷன்ல சும்மா வருது, டவுன் பஸ்ல எனக்கு டிக்கெட் இல்ல. இதையெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா ஸ்கூல் பீஸ் வருஷா வருஷம் ஏறுதே, காய்கறி இறங்குனதுல அது எப்படிச் சரியாப் போகும்? உங்க கூடையில ஸ்கூல் பீஸ் இருக்கா இல்லையா?

அப்புறம் தட்டுவடை செட். ரேட்டு ஏத்தாம தட்டையைச் சின்னதாக்கிட்டாங்க எங்க தெருவுல. அதுக்கு எந்த அரசாங்கத்துல கணக்கு எழுதறாங்க?


ஓய்வு கணக்கன்
13 நவம்பர் 2025, மாலை 5.30

விஜியம்மா கேட்டது அத்தனையும் சரியான கேள்வி.

பீஸ் இருக்கிறது. ஆனால் கல்விக்கு அந்தக் கூடையில் கொடுத்திருக்கும் எடை நூற்றுக்கு 4.46தான். உங்கள் வீட்டில் அது இருபது. உணவு, பானங்களுக்கு அங்கே 45.86, உங்கள் வீட்டில் முப்பத்தொன்று. காய்கறி விலை விழுந்தால் நாட்டின் கூடை உங்கள் கூடையைவிட அதிகமாக இறங்கும், பீஸ் ஏறினால் உங்கள் கூடை அதிகமாக ஏறும். உங்கள் வயிற்றெரிச்சலுக்குக் கணக்குப்படியே நியாயம் இருக்கிறது.

இந்த எடைகள் யாரும் மேஜையில் உட்கார்ந்து போட்டவை அல்ல. 2011-12-இல் வீடு வீடாகப் போய்ச் செலவைக் கேட்டு எடுத்த கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. கிராமத்துக்கு ஒரு கூடை, நகரத்துக்கு ஒரு கூடை. கிராமத்தில் உணவு 54.18, நகரத்தில் 36.29. வீட்டு வாடகைக்கு நகரத்தில் 21.67, கிராமத்தில் பூஜ்யம். கிராமத்தில் வாடகைக்கு இருப்பவர்களே இல்லையாம்! ஓமலூர்ப் பக்கம் போய்க் கேட்டால் தெரியும்.

கோளாறு எங்கே என்றால், அந்தக் கணக்கெடுப்பு நடந்து பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. கேசட், சி.டி., டி.வி.டி. பிளேயர் எல்லாம் இன்னும் அந்தக் கூடையில் ஒரு மூலையில் கிடக்கின்றன. நடுவில் 2017-18-இல் ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள். தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அதை வெளியிடாமலே விட்டுவிட்டார்கள். அதனால்தான் பழைய கூடையை இத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

விலை எடுப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்பார்கள். குறித்த கடை, குறித்த ரகம், குறித்த கிழமை. இந்த மூன்றும் மாறக்கூடாது. தொழிலாளர் குறியீட்டுக்கு (தொழிலாளர் குடும்பங்களின் செலவை வைத்துப் போடும் தனிக் குறியீடு) வாராவாரம் போக வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடைக்காரர், நான் நோட்டோடு போய் நின்றாலே, "வாங்க வந்தீங்களா, கேட்க வந்தீங்களா?" என்பார். கேட்க வந்தேன் என்றால் முதலில் வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டுத்தான் பேசுவார். பலகையில் எழுதிய விலை நமக்கு வேண்டாம். அந்த அம்மா பேரம் பேசி என்ன கொடுத்துவிட்டுப் போனார் என்பதுதான் வேண்டும், வரியும் சேர்த்து. அதற்காகவே வியாபாரம் சூடாக நடக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். பொன்னிப் புழுங்கல் என்றால் போன வாரம் பார்த்த அதே பொன்னி. மூட்டை தீர்ந்து வேறு ரகம் வந்திருந்தால் அதன் விலையை அப்படியே எழுதக்கூடாது. எழுதினால் ரகம் மாறியதை விலை ஏறியதாகக் காட்டியது போலாகும். அதற்கு ஈடாக எதை எடுப்பது, பழைய விலையோடு எப்படி ஒட்டுவது என்பதற்கே தனி விதி இருக்கிறது.

பிஸ்கட், சோப்பு மாதிரி பாக்கெட் சரக்கில் எடை அச்சிட்டிருப்பதால் நூறு கிராம் எழுபத்தைந்தானால் பிடித்துவிடலாம். கிராம் விலையாகத்தான் கணக்கு. தட்டுவடை செட்டில் எண்ணிக்கைதான் தெரியும், தட்டையின் விட்டத்தை ஸ்கேல் வைத்தா அளப்பது? அளந்தால் கடைக்காரர் சட்னியை என் தலையில் கொட்டுவார். அந்த மாதிரி ஏற்றம் கொஞ்சம் கணக்கில் விழாமல்தான் போகும்.


கொலுசுப்பட்டறை மணி
13 நவம்பர் 2025, இரவு 8.50

எங்க தொழிலுக்கு வாங்க. வெள்ளி கிலோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டிருச்சு. சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டைன்னு பட்டறையில ஆள் பாதி சும்மா உட்கார்ந்திருக்கு. ஆர்டர் குடுக்கறவங்க கொலுசு எடையைக் குறைக்கச் சொல்றாங்க. இந்த 0.25-ல வெள்ளி எங்க?


ஓய்வு கணக்கன்
13 நவம்பர் 2025, இரவு 9.15

இருக்கிறது மணி. தங்கத்துக்கு நூற்றுக்கு 1.08, வெள்ளிக்கு 0.11. வெள்ளி இரட்டிப்பானால்கூட மொத்தக் குறியீட்டில் பத்தில் ஒரு புள்ளிதான் அசையும். சேலத்துக்கு வெள்ளி உயிர், நாட்டின் சராசரி வீட்டுக்கு எப்போதாவது வாங்கும் சாமான்.


நூல்மில் பாபு
14 நவம்பர் 2025, காலை 7.30

பாயிண்டுக்கு வருவோம். எங்க சங்கத்துல பஞ்சப்படி கணக்குப் பார்க்கிறவன் நான். தொழிலாளர் குறியீடுன்னு ஒண்ணு இருக்கு. மத்திய தொழிலாளர் அமைச்சகத்தோட லேபர் பீரோ சிம்லாவுல இருந்து மாசா மாசம் போடறாங்க, 2016 = 100. நாடு முழுக்க 88 மையம், அதுல சேலமும் ஒண்ணு. நம்ம ஊருக்குன்னே தனி எண் வருதுங்க. சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆளுங்களுக்கு அகவிலைப்படி ஏறுறதும் இந்தக் குறியீட்டோட அகில இந்திய எண்ணை வெச்சுத்தான், அதுவும் 12 மாச சராசரியில. கட்சி, கம்பெனி, கோர்ட்டு எல்லாரும் ஒத்துக்கிட்ட எண். வாடகைக்கு இதையே எழுதுங்க.

ஒரு கூத்து சொல்றேன். தமிழ்நாட்டுல குறைந்தபட்சக் கூலிக்குப் பஞ்சப்படி கட்டறது சென்னை எண்ணை வெச்சு. சேலத்துல வேலை, சேலத்துல சாப்பாடு, சென்னை விலைவாசிக்குச் சம்பளம். சென்னை ஏறுனா நமக்கு லாபம்!


காலேஜ் எகனாமிக்ஸ்
14 நவம்பர் 2025, மாலை 4.40

இன்று மொத்த விலைக் குறியீடும் (மொத்த வியாபார விலையை வைத்துப் போடுவது) வந்துவிட்டது. அக்டோபருக்கு மைனஸ் 1.21%. அதை எழுதினால் ஓனர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். சும்மா சொல்கிறேன், ஆனால் ஒப்பந்தத்தில் அதை எழுதியவர்களுக்கு இது விளையாட்டல்ல. 2021-22-இல் மொத்த விலை சராசரியாக 13% ஏறியது, நுகர்வோர் விலை 5.5%. அந்த வருடம் குகைக்காரர் 40,000-க்கு 5,200 கூடுதலாகக் கொடுத்திருப்பார். 2023 ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை மாதாமாதம் எதிர்மறை. மொத்த விலையில் 697 சரக்குகள் உண்டு, சேவை ஒன்றுகூட இல்லை. பீஸ் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, வாடகை இல்லை, வரியும் இல்லை. இரும்பு, கச்சா எண்ணெய், ரசாயனம் உலகச் சந்தையில் ஆடினால் அதுவும் ஆடும். இரும்பு வாங்கி லேத் ஓட்டுகிறவருக்கு அது பொருந்தும். கடை வாடகைக்குப் பொருந்தாது.

இனி டிஃப்ளேட்டர். "நாட்டின் ஒட்டுமொத்த விலை மாற்றம்" என்று ஒரே எண்ணில் கேட்டால் பாடப்புத்தகம் இதைத்தான் காட்டும். செய்வது எளிது. 2024-25-இல் அன்றைய விலையில் ஜிடிபி, அதாவது நாட்டில் அந்த வருடம் உற்பத்தியானதன் மொத்த மதிப்பு, 330.68 லட்சம் கோடி. அதே உற்பத்தியை 2011-12 விலையில் மதிப்பிட்டால் 187.97 லட்சம் கோடி. முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் 175.9. அதற்கு முந்தைய வருடம் 301.23-ஐ 176.51-ஆல் வகுத்தால் 170.7. இரண்டுக்கும் இடையே ஏறியது 3.1%.

அதே 2024-25-இல் நுகர்வோர் விலை சராசரி 4.6%, மொத்த விலை 2.3%. ஒரே நாடு, ஒரே வருடம், மூன்று எண். உங்கள் வாடகையில் போட்டால் 1,840 ரூபாய், 1,240 ரூபாய், 920 ரூபாய். எந்த எண்ணும் பொய்யில்லை, கேட்கிற கேள்விதான் வேறு.

நுகர்வோர் குறியீட்டில் கூடை நிலையானது. அடிப்படை ஆண்டில் வாங்கியதையே இன்றும் வாங்குவதாக வைத்து விலையை மட்டும் மாற்றிப் பார்ப்பது. 1871-இல் லாஸ்பியர் என்ற ஜெர்மானியர் சொன்ன வழி. தேங்காய் எண்ணெய் ஏறியதும் மக்கள் கடலை எண்ணெய்க்குப் போய்விட்டாலும், கூடை தேங்காய் எண்ணெயையே சுமந்துகொண்டிருக்கும். அதனால் விலையேற்றம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். 1874-இல் பாஷே இதைத் திருப்பிப் போட்டார். இந்த வருடத்துக் கூடையையே எடுத்துக்கொண்டு, இதற்கு அன்று என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். டிஃப்ளேட்டர் அந்த வகை. வாங்கும் பழக்கம் மாறியது அதில் தானாகவே வந்துவிடும். ஆனால் ஏற்றத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம், எது உள்ளே, எது வெளியே என்பது. டிஃப்ளேட்டரில் உள்நாட்டில் விளைந்தது, செய்தது, ஏற்றுமதியானது எல்லாம் உண்டு. இறக்குமதி கிடையாது. ஏற்காட்டுக் காப்பி வெளிநாடு போனாலும் அதன் விலை டிஃப்ளேட்டரில் சேரும். இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வரும் பாமாயில் உங்கள் வீட்டு வடைச் சட்டியில் கொதித்தாலும் டிஃப்ளேட்டருக்கு அது அந்நியம். நுகர்வோர் குறியீட்டில் நேர்மாறு.

டிஃப்ளேட்டரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லவே மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், வந்த பிறகும் இரண்டு மூன்று வருடத்துக்குத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். தவிர, நம் நாட்டில் அதைப் போடும்போது பல துறைகளுக்கு மொத்த விலைக் குறியீட்டையே வகுக்கும் எண்ணாக வைக்கிறார்கள். மூலப்பொருளுக்கு ஒரு விலை, விற்கும் பொருளுக்கு ஒரு விலை என்று தனித்தனியாக வகுக்காமல் ஒரே எண்ணால் வகுக்கிறார்கள் என்று பொருளியல் ஆட்கள் பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள். கச்சா எண்ணெய் விலை விழுந்த வருடத்தில், விலையேற்றத்தைக் கழித்துப் பார்க்கும் உண்மை வளர்ச்சியே கூடுதலாகத் தெரிந்துவிடும்.


ஏற்காடு மிளகு
14 நவம்பர் 2025, இரவு 7.20

காப்பியை இழுத்ததால வந்தேன். சேர்வராயன் மலையில சின்னத் தோட்டம், காப்பிக்கு நடுவுல மிளகு. 2025 பிப்ரவரியில நியூயார்க் சந்தையில அரபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டிச்சு. எங்க பார்ச்மென்ட்டுக்கும் (பழத்தோல் நீக்கிக் காயவெச்ச காப்பிக்கொட்டை) அப்ப நல்ல ரேட்டு. கீழ டவுன்ல காப்பித்தூள் வாங்கறவங்க திட்டிக்கிட்டே வாங்கினாங்க. இதே தூளுக்கு நுகர்வோர் கூடையில டீ, காப்பி, சர்பத் எல்லாம் சேர்த்தே 1.26தான் எடையாம். எங்களுக்கு வருமானம் முழுசும் அதுல, நாட்டுக்கு அது ஒரு டம்ளர்.

மேல வேற ஒரு கணக்கு ஓடுது. மே மாசம் கோடை விழா நேரத்துல ரூம் வாடகையைக் கேட்டா கீழ இறங்கிப் போயிருவீங்க. ஆகஸ்ட் மழையில கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தருவாங்க. ஏப்ரலையும் மேயையும் ஒப்பிட்டா ஏற்காட்டுல பணவீக்கம் ராக்கெட். மேயைப் போன மேயோட ஒப்பிட்டாத்தான் ஏதாவது அர்த்தம். ஓய்வு கணக்கன் சார் சொன்ன வருஷ ஒப்பீடு எதுக்குன்னு எங்க ஊர்க்காரனுக்குச் சொல்லவே வேண்டாம்.


சும்மா சொல்றேன்
14 நவம்பர் 2025, இரவு 10.02

எல்லாம் டெல்லியில உட்கார்ந்து எழுதற நம்பர். நமக்கு என்ன வேணுமோ அதைப் போட்டுக்குவாங்க. இதுக்கு இவ்ளோ பக்கமா?


ஓய்வு கணக்கன்
15 நவம்பர் 2025, காலை 6.50

எண்ணைத் திரித்த நாடுகள் உண்டு தம்பி. அர்ஜென்டினாவில் 2007-இல் அரசு புள்ளியியல் நிறுவனத்துக்குள்ளேயே கை வைத்தது. அறிவித்த பணவீக்கம் ஒன்று, கடைத்தெரு சொன்னது ஒன்று. 2013-இல் பன்னாட்டு நிதியமே அதைக் கண்டித்தது. அங்கே எப்படிப் பிடிபட்டது என்றால், தனியார் கணக்கும் மாகாணங்களின் கணக்கும் தேசிய எண்ணோடு ஒத்துப்போகவில்லை. இங்கே லேபர் பீரோ ஒரு எண், புள்ளியியல் அமைச்சகம் ஒரு எண், தொழில் அமைச்சகம் ஒரு எண் என்று தனித்தனியே போடுகிறார்கள். 1,114 நகரச் சந்தை, 1,181 கிராமம் என்று விலை வருகிறது. ஆயிரக்கணக்கான நோட்டுப் புத்தகங்களை ஒரே மாதிரி திரிப்பது கஷ்டம். கூடையைப் பழசாகவே விட்டுவிடுவது சுலபம். நான் குறை சொல்வதென்றால் அதைத்தான் சொல்வேன்.


மட்டுறுத்துநர்
15 நவம்பர் 2025, காலை 8.00

கட்சி அரசியல் பதிவுகள் நான்கு நீக்கப்பட்டன. இழை வாடகை, விலைக் குறியீடு பற்றியது.


குகை ஜெராக்ஸ்
15 நவம்பர் 2025, மாலை 6.25

எல்லாருக்கும் நன்றி. ஓனரையும் பையனையும் உட்கார வெச்சுப் பேசினேன். பாபு அண்ணன் சொன்ன தொழிலாளர் குறியீட்டுக்கு ரெண்டு பேரும் தலையாட்டறாங்க. ஆனா ஓனர் புதுசா ஒண்ணு கேக்கறாரு: "குகையில சதுர அடி ரேட்டு எங்கயோ போயிருச்சு. அது இந்தக் குறியீட்டுல வருதா?" அவர் இடத்து மதிப்பு ஏறுனா வாடகையும் ஏறணும்கறாரு. அப்புறம், சேலம் எண்ணை எழுதறதா, அகில இந்திய எண்ணா?


காலேஜ் எகனாமிக்ஸ்
15 நவம்பர் 2025, இரவு 7.10

வராது. நிலம், பங்கு எல்லாம் சொத்து. நுகர்வோர் குறியீடு செலவழித்துத் தீர்ப்பதை மட்டும் அளக்கிறது. வீட்டு வாடகை உண்டு, கடை வாடகை கிடையாது, ஏனென்றால் கடை வாடகை குடும்பச் செலவில்லை. ஓனர் கேட்பது சந்தை வாடகை. அது வேண்டுமென்றால் அஞ்சு வருடம் கழித்துப் புது ஒப்பந்தம் போடும்போது அக்கம்பக்கக் கடைகளைப் பார்த்து அடிப்படை வாடகையைப் பேசிக்கொள்ளலாம். இடையில் வருகிற வருடங்களில் ரூபாயின் மதிப்பு கரைவதை ஈடுகட்டத்தான் குறியீடு. இரண்டையும் கலக்க வேண்டாம்.

விலையோடு ஒப்பந்தத்தைக் கட்டுவது நேற்று வந்த யோசனை இல்லை. அமெரிக்க விடுதலைப் போரில் காகிதப் பணம் செல்லாக்காசாகிக்கொண்டிருந்தபோது, 1780-இல் மாசசூசெட்ஸ் அரசு படைவீரர்களுக்குக் கொடுத்த கடன் பத்திரத்தில் கூடையையே அச்சடித்துவிட்டது. ஐந்து புஷல் சோளம், 68 பவுண்டும் ஏழில் நான்கு பங்கும் மாட்டிறைச்சி, பத்து பவுண்டு ஆட்டு ரோமம், பதினாறு பவுண்டு செருப்புத் தோல். இவை நான்கும் சேர்ந்து என்ன விலை விற்கிறதோ அந்தக் கணக்கில் பணம் திரும்ப வரும். ஏழில் நான்கு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், சண்டை எங்கே வரும் என்று தெரிந்தவர்கள்.


அஸ்தம்பட்டி வக்கீல்
15 நவம்பர் 2025, இரவு 9.30

அந்த ஏழில் நான்கைத்தான் நானும் சொல்ல வந்தேன். "விலைவாசிப்படி உயர்த்திக்கொள்வது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு எந்த விலைவாசி என்று கோர்ட்டில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறியீட்டின் பெயர், யார் வெளியிடுவது, எந்த அடிப்படை ஆண்டு என்பதை முழுசாக எழுதுங்கள். மிக முக்கியமானது, அடிப்படை ஆண்டு மாறினால் என்ன செய்வது என்ற வரி. 2020-இல் நடந்தது தெரியுமா? ஆகஸ்ட் வரைக்கும் தொழிலாளர் குறியீடு 2001 அடிப்படையில் 338. செப்டம்பரில் 2016 அடிப்படைக்கு மாற்றினார்கள், எண் 118.1. விவரம் தெரியாதவர் ஒப்பந்தத்தை அப்படியே படித்தால் வாடகை மூன்றில் இரண்டு பங்கு குறைய வேண்டும்! லேபர் பீரோ இணைப்புக் காரணி 2.88 என்று கொடுத்தது. 118.1-ஐ அதால் பெருக்கினால் 340, பழைய தொடரோடு ஒட்டிவிடும். "வெளியிடும் அலுவலகம் அறிவிக்கும் இணைப்புக் காரணியைக் கொண்டு" என்று சேர்த்துவிட்டால் தொல்லையில்லை.

பொது நுகர்வோர் குறியீட்டை எழுதுகிறவர்களும் கவனியுங்கள். 2024 அடிப்படையில் புதிய தொடர் 2026 பிப்ரவரியில் வருவதாக அமைச்சகம் சொல்லியிருக்கிறது. 197 என்று இருந்த எண் திடீரென்று நூறுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.


ஓய்வு கணக்கன்
16 நவம்பர் 2025, காலை 7.15

சேலம் எண்ணா, அகில இந்தியாவா என்ற கேள்விக்கு: அகில இந்தியா. சேலம் மையத்துக்கு விலை எடுக்கும் கடைகள் சில. அதில் ஒன்றில் வாடகையோ, மீனோ எகிறினால் ஊர் எண் தூக்கிப்போடும். இன்னொன்று, தொழிலாளர் குறியீட்டில் வீட்டு வாடகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிப்பார்கள், ஜனவரியிலும் ஜூலையிலும். ஒரே ஊரின் எண்ணை மட்டும் பார்த்தால் அந்த இரண்டு மாதங்களில் படி ஏறியது போல் தெரியும். 88 மையத்தின் சராசரியில் அது கரைந்துவிடும். ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதச் சராசரி, அதற்கு முந்தைய வருடச் சராசரியோடு ஒப்பீடு. மார்ச்சில் ஒப்பந்தம் என்பதால் டிசம்பர் எண் அதற்குள் வந்திருக்கும்.


குகை ஜெராக்ஸ்
17 நவம்பர் 2025, இரவு 8.05

முடிஞ்சுது. தொழிலாளர் குறியீடு, அகில இந்தியா, 12 மாச சராசரி, வக்கீல் சார் சொன்ன இணைப்புக் காரணி வரி. ஓனர் கீழ் வரம்பு கேட்டாரு, 3%. நான் மேல் வரம்பு கேட்டேன், 7%. அவர் பையன் "இதுக்கு அந்த 5%-லயே இருந்திருக்கலாமே"ங்கறாரு. இருந்திருக்கலாம்தான், யோசனையே அவரோடது!


லீபஜார் மூட்டை
17 நவம்பர் 2025, இரவு 8.30

அஞ்சு வருஷத்துக்குன்னா வெறும் பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டா போதுமா வக்கீல் சார்? என் கடைக்கும் இதே மாதிரி போடலாம்னு பார்க்கிறேன்.


அஸ்தம்பட்டி வக்கீல்
17 நவம்பர் 2025, இரவு 9.10

போதாது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு கட்டாயம். 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, கடைக்கும் பொருந்தும், அதன்படி வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். வாடகை உயர்வு எப்படி என்பதை அந்தப் பத்திரத்திலேயே எழுதுங்கள், தனித்தாளில் வேண்டாம்.